உழவாரன் மடக்கிய கால்

அந்தக் காலத்தில், பறவைக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சாக இருந்தபோது, உழவாரனுக்குக் கொக்கைப் போல நீண்ட கால்கள் இருந்தன. இப்போது கோவில் முகட்டைச் சுற்றி வில் போன்ற சிறகோடு கூட்டமாகக் கிறீச்சிட்டுப் பறக்கிறதே, அந்தக் கறுப்புக் குருவிதான். அன்று அது கிறீச்சிடாது. நல்ல குரல் அதற்கு. சிப்பிமேட்டுக் கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்கும் பெண்களுக்குப் பின்னாலேயே நடந்துபோய், அவர்கள் கிளறிய மணலில் பூச்சி பிடித்துத் தின்று, வெயில் ஏறும்வரை பாடிக்கொண்டிருக்கும்.

அந்தப் பெண்களில் ஒருத்தி வியாகுலம். கீழத்தெருக்காரி. அந்தத் தெருவில் எல்லாருக்கும் ஒரே வேலை. கிளிஞ்சலைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, கருப்பட்டியும் கடுக்காய்த் தண்ணீரும் விட்டு அரைத்துச் சாந்தாக்குவார்கள். அவர்கள் கைபடாமல் அந்த ஊரில் ஒரு சுவரும் எழுந்ததில்லை. எழுந்த வீட்டுக்குள் அவர்களை ஒருவரும் கூப்பிட்டதுமில்லை.

ஒருநாள் ஊருக்குத் தூரதேசத்திலிருந்து, கழுத்தில் சிலுவையோடு, சாமியார் ஒருவர் வந்தார். பெரிய படம் ஒன்றை மணலில் விரித்தார். கூப்பிய கைகளைப் போல உச்சியில் கூடும் வளைவுகள், ஊசிக் கோபுரங்கள், வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள், மூன்று தென்னை உயரத்தில் கல்லாலேயே கூரை.

"எங்கள் தேசத்தில் இப்படி ஒரு கோவிலை ஊரே சேர்ந்து கட்டும். கட்டியபின் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் நிற்பார்கள்" என்றார்.

கூட்டத்தின் கடைசியில் நின்ற வியாகுலம் கேட்டாள்: "எல்லாருமா சாமி?"

"எல்லாரும், மகளே."

அந்த ஒரு சொல்லுக்காகக் கீழத்தெரு பத்தொன்பது வருஷம் உழைத்தது. வியாகுலத்தின் கையைச் சுண்ணாம்பு தின்று ரேகையே இல்லாமல் போயிற்று. அவள் புருஷன் சந்தியாகு சாரத்தில் ஏறிக் கல் வைத்தான்.

எல்லாம் எழுந்தது. நடுக்கல் மட்டும் நிற்கவில்லை. எட்டு வளைவுகளும் உச்சியில் வந்து சேரும் இடத்தில் அதை வைத்து இறுக்க வேண்டும். ஒருமுறை வைத்தார்கள், விழுந்தது. மறுமுறை வைத்தபோது சந்தியாகுவையும் சேர்த்துக்கொண்டு விழுந்தது.

புதைத்துவிட்டு வந்து வியாகுலம் ஒன்றே ஒன்று சொன்னாள்: "அந்தக் கல்லு நிக்கணும். முதல் பூசை அன்னைக்கு அதுக்கு நேர் கீழே, அவர் விழுந்த இடத்துல, முழங்கால் போட்டு ஒரு பரலோக மந்திரம் சொல்லணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

உழவாரன் அதைக் கேட்டது. "அக்கா, என் கூடு எதால் ஒட்டியிருக்கு தெரியுமா? என் எச்சில்தான். புயலுக்கும் விழாது. உன் சாந்துல கலந்து பாரு" என்றது.

கரையில் இருந்த உழவாரன்கள் அத்தனையும் வந்தன. நாற்பது நாள் தொட்டியில் எச்சிலை வடித்தன. தொண்டை வறண்டு வெடித்து, பாட்டுப் போய், கிறீச்சென்ற ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது. கல் நின்றது.

"உன் பாட்டு போச்சே" என்று வியாகுலம் அழுதாள்.

"போனா போகுது. உன் அரட்டையைக் கேக்கிறதுக்குப் பாட்டு எதுக்கு?" என்றது உழவாரன்.

அப்புறம் மேலத்தெருப் பெரியவர் பிரகாசியார் சூளைக்கே வந்தார். அவர் அந்தப் பக்கம் கால்வைத்தது அதுவே முதல் தடவை. "பீடத்துப் படிக்கு இன்னும் பத்துநாள் சாந்து வேணும். நல்லதா அரைச்சுக் கொடு. உள்ளே வண்ணம் காயுது, திறக்கிறவரை யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம்" என்றார். பீடத்துப் படி என்றதும் வியாகுலத்துக்கு மனம் குளிர்ந்தது. தன் வீட்டுப் பானையில் வைத்திருந்த கருப்பட்டியையும் எடுத்துவந்து போட்டு அரைத்தாள்.

கோவிலை மந்திரித்துத் திறக்கும் நாள் வந்தது. கதவு திறந்தது.

நடுவே ஒரு சுவர் நின்றது. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. வாசலிலிருந்து பீடத்துக்கு முன்னுள்ள கிராதித் தடுப்புவரை நீளம். அகலமான பக்கம் மேலத்தெருவுக்கு. ஒடுங்கிய பக்கம் கீழத்தெருவுக்கு. நடுக்கல் மேலத்தெருப் பக்கம்.

இன்னும் பூச்சு ஏறாத அந்தச் சுவரின் செங்கல் இடுக்கை வியாகுலம் சுரண்டி நாக்கில் வைத்தாள். இனித்தது. அவள் வீட்டுக் கருப்பட்டி.

"இது பீடத்துப் படிக்கு அரைச்ச சாந்துல்லா?"

"படிக்குப் போக மிச்சம்" என்றார் பிரகாசியார். "உள்ளே விட்டிருக்கோமே, அதை நினைச்சு சந்தோஷப்படு ஏட்டி. அடுத்த வாரம் வந்து பூச்சையும் முடிச்சுக் கொடுங்க."

"ஐயா, என் வீட்டுக்காரர் விழுந்த இடம் அந்தப் பக்கம் இருக்கு. ஒரே ஒரு மந்திரம். சொல்லிட்டு வந்துடுறேன்."

"செத்தவனுக்கு எங்கே நின்னு சொன்னாலும் கேக்கும்."

அவள் சாமியாரைப் பார்த்தாள். "எல்லாரும்னு சொன்னீங்களே சாமி."

சாமியார் தரையைப் பார்த்தார். "கூரை ஒன்றுதானே, மகளே. பொறுத்துக்கொள்."

பத்தொன்பது வருஷம் பொறுத்தவளிடம் அவர் அதைச் சொன்னார்.

அந்த நேரத்தில் உழவாரன் நீண்ட காலை எடுத்துவைத்து மேலத்தெருப் பக்கம் நடந்துபோனது. தான் நிறுத்திய கல்லைக் கீழிருந்து பார்க்கும் ஆசை அதற்கும் இருந்தது.

"காலைப் பாரு, சுண்ணாம்பு! அந்தப் பக்கம் விரட்டு அதை!" என்று கத்திப் பிரகாசியார் கைத்தடியை ஓங்கினார்.

"குருவிக்குமா தெரு பிரிச்சீங்க? அப்போ என் எச்சில் எந்தத் தெரு, பெரியவரே? உங்க தலைக்கு மேலே நிக்குதே" என்றது உழவாரன். தடி விழுமுன் பறந்து சுவரின்மேல் போய் உட்கார்ந்தது.

"அக்கா, ஒரு வார்த்தை சொல்லு. நாங்க துப்பினதை நாங்களே கொத்தி எடுத்துடுறோம். கல்லு இறங்கட்டும்."

வியாகுலம் அண்ணாந்து பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை சிணுங்கியது. சொல்லிவிடலாம் என்று அவளுக்கு இருந்தது. நாக்கில் கருப்பட்டி கசந்தது.

"வேண்டாம்" என்றாள். "அது அவர் உயிரைக் கொடுத்து வச்ச கல்லு. கீழே பச்சைப்பிள்ளைங்க இருக்கு. கல்லு நிக்கட்டும். விழ வேண்டியது சுவரு."

பிரகாசியார் பக்கம் திரும்பினாள். "இந்தச் சுவருக்குப் பூச்சு கிடையாது. எங்க சூளையிலிருந்து இனி ஒரு கரண்டி சாந்து வராது. கடல் காத்து பார்த்துக்கும்."

சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். கீழத்தெரு முழுவதும் அவள் பின்னால் எழுந்து போயிற்று.

உழவாரன் சாமியாரைப் பார்த்துச் சொன்னது: "கூரை ஒண்ணுதான்னு சொன்னீரே. சரி, நான் கூரையை எடுத்துக்கிறேன். ஆள் பார்த்து இடம் கொடுக்கிற தரை எனக்கு வேண்டாம். சுவரு இருக்கிறவரைக்கும் நான் மண்ணுல கால் வைக்க மாட்டேன்." நீண்ட கால்களை மடக்கி வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு நடுக்கல்லை நோக்கிப் பறந்தது. அத்தனை உழவாரன்களும் பின்னால் போயின. முதல் பூசை முழுவதும் அவற்றின் கிறீச்சொலிதான் கேட்டது. சாமியார் சொன்ன ஒரு சொல்லும் யார் காதிலும் விழவில்லை.

பூச்சில்லாத சுவரை உப்புக்காற்று தின்றது. வருஷத்துக்கு ஒரு விரல் அகலம். வியாகுலம் கண்மூடி வெகுகாலம் கழித்து, மழை நாளொன்றில் அது தானாகச் சரிந்து விழுந்தது. அவள் முழங்கால் போடாத இடத்தில் அவள் தெருவின் பெண்கள் போய் முழங்கால் போட்டார்கள். நடுக்கல் அசையவில்லை.

"சுவரு போச்சு, இறங்கி வா!" என்று அவர்கள் உழவாரனை அண்ணாந்து கூப்பிட்டார்கள்.

உழவாரன் கோவிலைவிட்டு வெளியே வந்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றியது. தன் அக்கா படுத்திருக்கும் கல்லறைத் தோட்டத்துக்கு மேலே வந்ததும் வட்டமிட்டுப் பார்த்தது. அங்கே மேலத்தெருப் பிணங்களுக்கும் கீழத்தெருப் பிணங்களுக்கும் நடுவே இன்னொரு சுவர். அது வெள்ளை வெளேரென்ற பூச்சோடு, நன்றாகவே இருந்தது.

கிறீச்சென்று கத்திக்கொண்டு அது மேலே திரும்பிவிட்டது. அது பறந்தபடியே தின்கிறது, பறந்தபடியே உறங்குகிறது, களைத்தால் கோவில் முகட்டில் தொற்றிக்கொள்கிறது. அன்று மடக்கிய காலை இன்றுவரை அது மண்ணில் ஊன்றவில்லை.