வேருக்குப் போன சோறு

மலையடிக் காட்டில் ஒரு மடு இருந்தது. கோடையிலும் வற்றாத மடு. அதன் கரையில் பெரிய நாவல் மரம் ஒன்று நின்றது. மரத்தின் உச்சியில் தாவி என்ற மலை அணில் கூடு கட்டிக் குடியிருந்தாள்.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. புல் கருகியது. மூங்கில் குருத்துகளை யானைகள் தின்று தீர்த்துவிட்டன. மருளி என்ற கடமான் மூன்று நாள் வெறும் வயிற்றோடு அலைந்தாள். நான்காம் நாள், மடுவில் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தபோது, நாவல் மரத்தின் பட்டை கண்ணில் பட்டது. பல்லால் கீறி உரித்தாள். மேல்பட்டை துவர்த்தது. அதற்குள் இருந்த ஈரமான உள்தோலோ இனித்தது. கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

நாலு நாளில் அடிமரத்தில் முக்கால் சுற்று உரிந்துவிட்டது.

தாவி கீழே இறங்கி வந்தாள். "மானக்கா, பசி எனக்கும் தெரியும். அதனால்தான் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை. மீதிப் பட்டையை மட்டும் விட்டுவிடுங்கள்."

"ஏன்? மரம் நன்றாகத்தானே இருக்கிறது?" என்றாள் மருளி.

"நீங்கள் தின்பது வேருக்குப் போகிற சோறு, அக்கா. வேர் மண்ணுக்குள் இருட்டில் கிடக்கிறது. அதற்குச் சமைக்க வெயில் ஏது? இலைதான் வெயிலில் இனிப்பைச் சமைக்கிறது. சமைத்ததைத் தன் நரம்புக்குள் ஏற்றிவிடுகிறது. இனிப்பு போகும் இடத்துக்குத் தண்ணீரும் ஓடி வந்து சேரும். அந்தத் தண்ணீர் தள்ளத் தள்ள, இனிப்பு இந்த உள்தோல் வழியாகக் கீழே இறங்குகிறது. வேறு வழி கிடையாது."

"உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை. முன்பு நான் இருந்த வேங்கை மரத்தை யானை சுற்றிலும் உரித்தது. ஒரு வருஷம் பச்சையாகத்தான் நின்றது. பிறகு விழுந்தது."

மருளி மரத்தைப் பார்த்தாள். உரியாமல் மிஞ்சிய கால் சுற்றுப் பட்டை மட்டும் மேலிருந்து கீழே ஓடியது.

"சரி, அதைத் தொட மாட்டேன்," என்று வாக்குக் கொடுத்தாள்.

பதினைந்து நாளில் மழை பிடித்தது. புல் முளைத்தது. மருளியின் வயிறு நிறைந்தது. ஆனாலும் நாக்கு அந்த ருசியை மறக்கவில்லை. ஒரு விடியலில், தாவி பழம் தேடிப் போயிருந்த நேரம் பார்த்து வந்தாள். மீதிப் பட்டையையும் தின்றாள். அன்று அவளுக்குப் பசியே இல்லை.

தாவி திரும்பி வந்து பார்த்தாள். சண்டை போடவில்லை. வெறும் கட்டையாய்க் கிடந்த இடத்தைச் சற்று நேரம் மோந்தபடி இருந்தாள்.

மாதங்கள் ஓடின. மரம் வாடவில்லை. உரித்த இடத்துக்கு மேலே மரம் தடித்துப் புடைத்தது.

"பார்த்தாயா தங்கச்சி, முன்னைவிடப் பருத்திருக்கிறது. வீணாகப் பயந்தாய்," என்றாள் மருளி.

"இறங்க வழியில்லாத சோறு அங்கே தேங்கிக் கிடக்கிறது, அக்கா. தண்ணீர் நடுக்கட்டை வழியாக ஏறுவதால் இலை பச்சையாக இருக்கிறது. வேர் தன் சேமிப்பைத் தின்றுகொண்டு தண்ணீர் அனுப்புகிறது. அதுவும் தீர்ந்துவிடும்," என்றாள் தாவி. மறுநாளே கூட்டைக் கலைத்துவிட்டு வேறு மரத்துக்குப் போய்விட்டாள்.

மறு வருஷக் கோடையில் இலைகள் சிறுத்து மஞ்சளித்தன. மழைக்காலத்தின் முதல் பெருங்காற்றில் மரம் வேரோடு சாய்ந்தது. வேர்கள் உளுத்துப் பொடியாக உதிர்ந்தன. மடுவின் கரையைப் பிடித்து வைத்திருந்தவை அந்த வேர்கள்தாம். இரண்டே நாளில் வெள்ளம் கரையை அறுத்தது. மண்ணும் கல்லும் மடுவை மூடின.

அந்தக் குளிர்காலத்தில் மருளி ஒரு குட்டி ஈன்றாள். கோடை வந்ததும் காட்டு விலங்குகள் எல்லாம் தண்ணீர் தேடித் தொலைவில் இருந்த ஆற்றுக்கு நடந்தன. செந்நாய்கள் திரியும் வழி அது. மருளியும் குட்டியை அழைத்துக்கொண்டு நடந்தாள். வழியில் மடு மூடிக் கிடந்த இடம் வந்தது.

குட்டி கால் தளர்ந்து நின்றது. "இது என்ன இடம், அம்மா?"

"நாங்கள் தண்ணீர் குடித்த மடு."

"தண்ணீர் எங்கே?"

மருளி அங்கே கிடந்த மண்ணையும் கல்லையும் குளம்பால் கிளறினாள். பிறகு சொன்னாள்: "நான் தின்றுவிட்டேன்."

குட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவின் பின்னாலேயே நடந்தது. ஆறு இன்னும் ஒரு பகல் தூரத்தில் இருந்தது.

பசிக்குத் தின்றதை மரம் தாங்கும், ஆசைக்குத் தின்றதைத் தாங்காது. இலை பச்சையாக இருக்கிறதே என்று வேரைப் பட்டினி போடுகிறவர்கள், தங்கள் பிள்ளைகளின் தண்ணீரையும் சேர்த்தே அழிக்கிறார்கள்.