உடையாத போல்ட்டு

“உடையாத போல்ட்டு ஒண்ணு குடு அம்மிணி” என்றார் சென்னியப்பன்.

கோகிலவாணி வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.

கலப்பை, ரோட்டவேட்டர் எல்லாம் பழுது பார்க்கிற பட்டறை அவளுடையது. சென்னியப்பனை விட இருபது வயது இளையவள். சுற்றுவட்டாரத்தில் வாத்தியாரம்மா என்றுதான் பேர். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல மாட்டாள், அது ஒன்றுதான் குறை.

அவர் உள்ளங்கையை விரித்தார். ஒரு போல்ட்டு, இரண்டு துண்டாக.

டிராக்டர் சுற்றுகிற வேகத்தை ரோட்டவேட்டருக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டில், சுண்டுவிரல் கனத்துக்குச் செருகியிருக்குமே, அந்தப் போல்ட்டு.

“எங்கீங்கண்ணா உடைஞ்சுது?”

“தோப்புல. பழைய தென்னந்தூரு ஒண்ணு மண்ணுக்குள்ள கெடந்துச்சு. அதுல மாட்டுச்சு, டப்புனு போயிருச்சு.”

“டிராக்டருக்கு என்னாச்சு?”

“ஒண்ணும் ஆகலை.”

“கியர்பாக்ஸு?”

“அது நல்லாத்தான் இருக்குது.”

“அப்புறம் என்னதானுங்க குறை?”

“போல்ட்டு உடைஞ்சுபோச்சுங்கறேன். நீ கியர்பாக்ஸைக் கேட்டுட்டு நிக்கறே.”

அவள் சிரித்துக்கொண்டே ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை வாய்க்காலில் தண்ணீர் விடுகிறார்கள். ஈரம் ஏறிவிட்டால் தோப்புக்குள் வண்டி இறங்காது. ஊடுபயிருக்கு எடுத்துவைத்த விதை மஞ்சள் முளைவிட்டு நிழலில் கிடக்கிறது. தண்ணீர் வருவதற்குள் உழுதாக வேண்டும். உழாவிட்டால் இந்த வருஷம் மஞ்சள் இல்லை.

“வண்டி யாருங்க ஓட்டறது? மாறப்பண்ணன் வரலீங்களா?”

“அவனை அனுப்பிச்சுட்டேன்.”

மாறப்பன் அவருடைய மச்சினன். சம்சாரத்தின் தம்பி. வண்டி வாங்கின நாளிலிருந்து அவன்தான் ஓட்டிக்கொண்டிருந்தான்.

“ஏனுங்க?”

“எதுக்கெடுத்தாலும் நிறுத்துவான். சத்தம் மாறுதுன்னு நிறுத்துவான். வரப்போரம் போனா, சுத்தறதை நிறுத்திட்டுத்தான் ரோட்டவேட்டரைத் தூக்குவான். திரும்பி வந்து எறக்கி, மறுபடி சுத்த விடுவான். பொழுது போற வழி இல்லாம வண்டி ஓட்டறவன்டா நீ, பயந்தாங்கொள்ளின்னு களத்துல நாலு பேர் முன்னாடி சொன்னேன். துண்டை உதறித் தோள்ல போட்டுட்டுப் போயிட்டான்.”

“அக்கா என்ன சொன்னாங்க?”

“சோறு போடறா. பேச்சுத்தான் இல்லை.”

கோகிலவாணி வெளியே போய் வண்டியைச் சுற்றி வந்தாள். சின்ன டிராக்டர். பின்னால் தொங்கியது அஞ்சடி ரோட்டவேட்டர். இரண்டு பக்கமும் சக்கரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது, ஆட்டுக்குட்டி மேல் நுகத்தடியை வைத்த மாதிரி.

“இதை எப்படீங்க அளந்து வாங்குனீங்க?”

“தென்னை வரிசைக்கு நடுவுல அளந்தேன். நாலே ஓட்டத்துல முடிஞ்சிரும்.”

“மரத்துக்கு அளந்தீங்க.”

“ஆமா.”

“இழுக்கறதுக்கு?”

“சின்னது வாங்குனா ஊருல சிரிப்பாங்க அம்மிணி.”

அவள் பட்டறை மூலையிலிருந்து ஒரு மண்வெட்டியை எடுத்து வந்தாள். யாரோ வேடிக்கையாகச் செய்யச் சொன்னது; சாதாரண மண்வெட்டியைப் போல இரண்டு மடங்கு அகலம்.

“வாசல்ல நிக்கற அந்த வாழைக்குப் பாத்தி கட்டிக் குடுங்க.”

“எனக்கு நேரம் இல்லை.”

“பெரிய மண்வெட்டிங்க. நாலே வெட்டுல முடிஞ்சிரும்.”

சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். ஓங்கிப் போட்டார். மண்வெட்டி இறங்கியது, இழுக்க வரவில்லை. பல்லைக் கடித்து இழுத்தார். இன்னொன்று போட்டார். அடுத்ததில் நின்றுவிட்டார், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு.

“ஏனுங்கண்ணா நிறுத்திட்டீங்க?”

“இடுப்பு போயிரும் போல இருக்குது.”

“யாருங்க சொன்னது?”

“இதென்ன கேள்வி? இடுப்புதான் சொல்லுது.”

“சொன்னதும் நிறுத்திட்டீங்க.”

“நிறுத்தாம? நாளைக்கு எந்திரிக்க வேண்டாமா?”

அவள் வந்து மண்வெட்டியை வாங்கிச் சுவரில் சாய்த்தாள்.

பிறகு பட்டறைக்குள் கிடந்த ஒரு சின்ன ரோட்டவேட்டரைக் காட்டினாள். மூன்றரை அடி. பழசு, ஆனால் கத்தியெல்லாம் புதுசு.

“இது உங்க சக்கரத் தடத்தை மூடி, ரெண்டு பக்கமும் நாலு விரக்கடை தாண்டும். அதுக்கு மேல இந்த வண்டிக்கு ஆகாதுங்க. இதைக் கொண்டுபோய் ஓட்டுங்க. உங்களுது இங்க கெடக்கட்டும், பெரிய டிராக்டர் வெச்சிருக்கறவங்க யாராச்சும் தேடி வருவாங்க.”

இரண்டு பேருமாக மாட்டினார்கள். அவள் ஷாஃப்ட்டின் முட்டிகளில் கிரீஸ் அடித்தாள். ரோட்டவேட்டரை மேலே தூக்கிப் பார்த்தாள், கீழே இறக்கிப் பார்த்தாள், ஷாஃப்ட்டு எங்கேயும் முட்டவில்லை. போல்ட்டு செருக வேண்டிய ஓட்டை மட்டும் காலியாக இருந்தது.

சென்னியப்பன் சட்டைப் பையில் கைவிட்டார்.

“இதைப் போடு அம்மிணி. நீ குடுக்கமாட்டேன்னு தெரிஞ்சு லாரிப் பட்டறையில வாங்கி வெச்சிருக்கேன். சம்மட்டியில அடிச்சாலும் உடையாதாம்.”

அவள் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கருநீலமாக மின்னியது.

“நல்ல போல்ட்டுங்க.”

“நான்தான் சொன்னேனே.”

அவள் உள்ளே போனாள். சுவரில் ஏற்கெனவே இருந்த ஓட்டையில் அந்தப் போல்ட்டைத் தட்டி இறக்கினாள். தன் சோற்றுப் பையை எடுத்து அதில் மாட்டினாள்.

“இது உடையவே உடையாதுங்க” என்றாள்.

“அம்மிணி, நான் வெளையாட வரலை. திரும்பவும் தூரு மாட்டுச்சுன்னா?”

“உடைஞ்சிரும்.”

“எது?”

“நீங்க எதைப் போடறீங்களோ அதைப் பொறுத்ததுங்க.”

அவர் வண்டியைப் பார்த்தார். ஷாஃப்ட்டைப் பார்த்தார். அதற்கு அந்தப் பக்கம் கியர்பாக்ஸ், இந்தப் பக்கம் டிராக்டரின் வயிறு.

சாலையில் பால்வண்டி போனது.

“எனக்கு இடுப்பு சொல்லுது” என்றார் மெதுவாக. “இதுக்கு எது சொல்லும்?”

கோகிலவாணி அவருடைய கையைப் பிடித்து விரித்தாள். உடைந்த இரண்டு துண்டும் அங்கேதான் இருந்தன. இவ்வளவு நேரமும் கீழே போடாமல் வேலை செய்தபோது மட்டும் மடியில் செருகி, மறுபடி கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அந்தக் கையை மூடினாள்.

பிறகு டப்பாவிலிருந்து அதே மாதிரி சாதாப் போல்ட்டு ஒன்றை எடுத்துச் செருகி முடுக்கினாள். இன்னும் இரண்டை அவர் பையில் போட்டாள்.

சென்னியப்பன் வண்டியில் ஏறினார். சாவியைத் திருப்பவில்லை.

“அவன் பயந்துட்டுத்தான் நிறுத்தறான்னு நெனைச்சேன்” என்றார். “அவன் இருந்த வரைக்கும் ஒரு போல்ட்டும் உடைஞ்சதில்லை.”

அவள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு வெல்டிங்கைத் தொடங்கிவிட்டாள்.

அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. ஓடைமேட்டுப் பக்கம் திருப்பினார்.

மாறப்பன் தன் வீட்டு வாசலில் ஆட்டுப் பட்டிக்கு வலை முடைந்துகொண்டிருந்தான். வண்டிச் சத்தம் கேட்டதுமே நிமிர்ந்துவிட்டான். ஆனால் எழுந்திருக்கவில்லை.

சென்னியப்பன் இறங்கிப் போய் அவன் முன்னால் கையை விரித்தார்.

மாறப்பன் துண்டுகளைப் பார்த்தான்.

“வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே, மாமா?”

“ஆகலை.”

“ரோட்டவேட்டரு மாறியிருக்குது.”

“சின்னது.”

“ஊருல சிரிப்பாங்களே.”

“மொதல்ல நீ சிரிச்சுக்கோ மாப்பிள்ளை. அப்புறம் வா. எனக்கு வண்டி ஓட்டத்தான் தெரியுது, நிறுத்தத் தெரியலை.”

மாறப்பன் சிரிக்கவில்லை. வலையைச் சுருட்டி ஓரமாக வைத்தான். கொடியில் கிடந்த துண்டை எடுத்தான்.

மதியத்துக்கு மேல் தோப்பில் ஓட்டம் தொடங்கியது. நாலு ஓட்டத்தில் முடிகிற இடம் ஆறு ஓட்டம் ஆனது. மண் மட்டும் புட்டு மாதிரி உதிர்ந்து விழுந்தது. வரப்போரம் போனபோதெல்லாம் மாறப்பன் சுற்றுவதை நிறுத்தி, தூக்கி, திருப்பி, இறக்கினான்.

வரப்பில் நின்ற சென்னியப்பன் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வரிசை நடுவில் வண்டி நின்றது.

சென்னியப்பனுக்குத் திட்டு வாய்வரைக்கும் வந்துவிட்டது. வாயில் வெற்றிலை இருந்தது நல்லதாகப் போயிற்று.

மாறப்பன் என்ஜினை அணைத்து இறங்கிக் குனிந்தான். கத்திகளுக்கு நடுவே கையை விட்டு எதையோ பிடித்து இழுத்தான். வந்துகொண்டே இருந்தது. ஆட்டை மேயக் கட்டிவிட்டு யாரோ விட்டுப்போன நைலான் கயிறு; தண்டைச் சுற்றி இறுகத் தொடங்கியிருந்தது.

சத்தம் நின்ற தோப்பில் மைனாக்கள் புழுவுக்கு இறங்கின.

வீட்டுப் பின்கதவு திறந்தது. அவருடைய சம்சாரம் அங்காத்தாள் எட்டிப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். குனிந்திருக்கும் தம்பியைப் பார்த்தாள். வரப்பில் நிற்கும் புருஷனைப் பார்த்தாள்.

“ஏனுங்க, நின்னுபோச்சா?”

அத்தனை நாளில் அவள் அவரிடம் பேசின முதல் பேச்சு அது.

சென்னியப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

“நின்னுருச்சு புள்ள” என்றார். “நல்லா நிறுத்தியிருக்கான். ரெண்டு பேருக்கும் காப்பி போடு.”