வைப்பர் மோட்டார் கோழி

அர்த்தனாரி சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு, மிச்சத்தையும் பாதியாக்கினால் உண்மை கிடைக்கும் என்று அந்த லாரிப் பட்டறையில் பேச்சு. அந்த மிச்சமும் வேண்டாம் என்பது வெல்டர் செங்கோடனின் கருத்து. இதெல்லாம் தெரிந்துதான் பாவாயி செவ்வாய்க்கிழமை மத்தியானம் பட்டறைக்கு வந்தாள். அவளுக்கு வேறு வழியில்லை.

ஒரே மாதத்தில் அவளுடைய நாட்டுக்கோழிகளில் பதினொன்றை நரி கொண்டுபோய்விட்டது. மிஞ்சியவை ஆறு. அவற்றில் வெள்ளச்சி என்ற கோழி அடைக்கு உட்கார்ந்திருந்தது. வனத்துறைக்காரர் ஒரு கூண்டை இறக்கி வைத்து, "நரியை அடிக்கக் கூடாது, விஷம் வைக்கக் கூடாது. உள்ளே ஒரு கோழியைக் கட்டிப் போடுங்க. புதன்கிழமை காலையில கூண்டை எடுத்துட்டுப் போயிருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். உயிரோடு ஒரு கோழியை நரிக்கு முன்னால் கட்ட பாவாயிக்கு மனசு வரவில்லை. கருவாட்டை வைத்துப் பார்த்தாள். எறும்பு வந்தது.

"பொம்மைக் கோழி ஆடுனா நரி வருமாமே, தம்பி?"

லாரி டாஷ்போர்டுக்குள் தலையை விட்டிருந்த அர்த்தனாரி வெளியே வந்தான். லாரிகளுக்கு ஒயரிங் போடுவது அவன் தொழில்.

"வருமாவாங்கக்கா? மோகனூர் கரும்புக்காட்டுல, லாரிக் கண்ணாடி தொடைக்கற பழைய வைப்பர் மோட்டாருல ஒரு பாலிதீன் பையைக் கட்டி ஆட உட்டனுங்க. ஒரு டீ குடிக்கற நேரந்தான். நரி வந்து பத்தடியில ஒக்காந்துருச்சு."

இதை நம்பலாம் என்று பாவாயிக்குத் தோன்றியது.

"அப்பறம் பையைக் கழட்டிட்டுச் சேவல் இறகைக் கட்டுனனுங்க. ஏழு நரி. வரிசையா நின்னுச்சு."

"டோக்கன் குடுத்தீங்களாண்ணா?" செங்கோடன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினான்.

"எதுக்குடா டோக்கன்? மூத்தது முன்னால, இளசு பின்னால. ரேசன் கடையில நீ நிக்கற லட்சணமா அதுக?"

"புடிச்சீங்களா, தம்பி?" என்றாள் பாவாயி.

"கூண்டுல ஒண்ணுக்குத்தானுங்களே எடம். யாரு மொதல்ல உள்ள போறதுன்னு அதுகளுக்குள்ள சண்டை வந்து, கலைஞ்சு போயிருச்சுங்க."

செங்கோடன் கண்ணாடியை இறக்கிக்கொண்டு வேலையைப் பார்த்தான். அர்த்தனாரிக்கு அது பிடிக்கவில்லை. குரலைக் கூட்டினான்.

"கொல்லிமலை அடிவாரத்துல இதே மோட்டாரை ஆட்டுக்குட்டி பொம்மையோட வாலுக்கு வெச்சேன். வாலு இந்தப் பக்கம், அந்தப் பக்கம். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். நரிக்குத்தானுங்க வெச்சேன். வந்தது சிறுத்தை! ஒக்காந்து வாலையே பாத்துச்சு. கண்ணு இங்க, கண்ணு அங்க. கால்மணி நேரம். தலை சுத்திப் பொத்துன்னு உளுந்துருச்சுங்க."

"தூக்கிட்டு வந்தீங்களாக்கும்?" என்றான் செங்கோடன்.

"மயக்கத்துல கெடக்கறதைப் புடிக்கறது ஆம்பளைக்கு அழகாடா? எலுமிச்சை சோடா ஒடைச்சு வாயில ஊத்துனேன். எந்திரிச்சு மோட்டாரை ஒருதரம் பாத்துச்சு, என்னை ஒருதரம் பாத்துச்சு. தலையைக் குனிஞ்சுட்டு மலையேறிருச்சு."

"அந்த சோடா பாட்டல் எங்கண்ணா?"

"கடைக்காரங்கிட்டத் திருப்பிக் குடுத்துட்டேன்."

இவ்வளவு மிருகம் வந்தும் இதுவரை ஒன்றுகூடப் பிடிபடவில்லை என்பதைப் பாவாயி கவனித்தாள்.

"இதையெல்லாம் உடுங்கக்கா. போன வருசம் தகரத்துல ஒரு கோழி பண்ணி இதே மோட்டாரை மாட்டுனேன். கொண்டை என்ன, கொத்தற கொத்தென்ன! மூணாம் நாள் போய்ப் பாக்கறேன், முட்டை வெச்சிருக்குது."

வெல்டிங் சத்தம் நின்றது. "தகரக்கோழி?"

"தகரக்கோழிதான். அடை வெச்சுப் பொரிச்சும் பாத்தாச்சு. குஞ்சு நல்லாத்தான் இருந்துச்சு. நடக்கறப்ப மட்டும் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டும். மழை வந்தா வேகமா ஆட்டும்."

"அந்தக் குஞ்சைக் காட்டுங்கண்ணா, பாப்போம்."

"நரி கொண்டுட்டுப் போயிருச்சுடா."

பாவாயி எழுந்தாள். "தம்பி, எனக்குச் சோடாவும் வேண்டாம், முட்டையும் வேண்டாம். நாளைக்குக் காலையில கூண்டு போயிரும். அப்பறம் வெள்ளச்சியும் போயிரும். ஆடற பொம்மை ஒண்ணு கட்டித் தர முடியுமா, முடியாதா?"

கொண்டுவந்த பையை அவிழ்த்துக் கொட்டினாள். நரி விட்டுப்போன இறகுகள். பதினொரு கோழிகளுக்கும் அவ்வளவுதான் மிச்சம்.

அர்த்தனாரி குனிந்து இறகுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.

பிறகு வேலை நடந்தது. பழைய லாரி சீட்டுப் பஞ்சில் ஒரு கோழியை வெட்டி, இறகுகளை ஒட்டி, வைப்பர் மோட்டாரில் மாட்டி, மோட்டார் சைக்கிள் பேட்டரியோடு ஒயரை முறுக்கி டேப் சுற்றினான். சுற்றச் சுற்ற வாயும் ஓடியது.

"கூண்டோட கடைசியில வெய்யுங்க. நரி மூக்கு உசரத்துல இருக்கோணும். கையைச் சாணித் தண்ணியில கழுவிட்டுத் தொடுங்க, மனுச வாசம் ஆகாது. மத்தபடி கவலையே வேண்டாம். இது நிக்கவே நிக்காதுங்க. நான் போட்ட ஒயரு இருவது வருசத்துல ஒருதரம் நின்னதில்லை."

"நேத்துத் தள்ளிக்கிட்டு வந்தாங்களே, தண்ணி லாரி?" என்றான் செங்கோடன்.

"அது டிரைவர் தப்பு."

புதன்கிழமை பத்து மணிக்குப் பாவாயி பொம்மையோடு வந்து நின்றாள்.

"நரி மாட்டிக்கிச்சு, தம்பி."

செங்கோடன் கையிலிருந்த வெல்டிங் ராடு கீழே விழுந்தது. அர்த்தனாரி லாரியின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தான்.

"யாரை, என்னையா கிண்டல் பண்றீங்க?"

"நான் எதுக்குக் கிண்டல் பண்றேன்? வனத்துறைக்காரரு வந்து மலையில உடறதுக்குக் கூண்டோட ஏத்திட்டுப் போயிட்டாரு. ஆனா ஒண்ணு. விடியக்காலம் நரி வந்துருச்சு. பொம்மை வெடுக்கு வெடுக்குன்னு ஆடிக்கிட்டே இருந்துச்சு. நரி திரும்பிக்கூடப் பாக்காம கோழிக்கூட்டுப் பக்கம் போச்சு. ஐயோ வெள்ளச்சின்னு மறைஞ்சு ஒக்காந்திருந்த நான் எந்திரிக்கறேன், அப்பப் பாத்து மோட்டார் நின்னு போச்சு."

"நின்னு போச்சா?"

"கேளுங்க. ரெண்டு வெட்டு வெட்டுச்சு. நின்னுச்சு. மறுபடி ஒரு வெட்டு. நின்னுச்சு. மேயற கோழி அப்படித்தானே கொத்தும்? கொத்திட்டு நின்னு பாக்கும், மறுபடி கொத்தும். நரி திரும்பி நேரா கூண்டுக்குள்ள போயிருச்சு. கதவு உளுந்துருச்சு." பொம்மையைத் திருப்பிக் காட்டினாள். "இங்க பாருங்க. டேப்பு உட்டுப்போயி ஒயரு தொட்டும் தொடாமத் தொங்குது."

செங்கோடன் குனிந்து பார்த்துவிட்டு, சிரிக்க முடியாமல் கண்ணாடியை முகத்தில் இறக்கிக்கொண்டான்.

அர்த்தனாரியின் கை கட்டிங் பிளேயரைத் தேடியது. பாவாயி பொம்மையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"தொட்டுராதீங்க! ஜோடி நரி வெளியில இருக்குது, அதுக்கு வேற கூண்டு கொண்டாரேன்னாரு வனத்துறைக்காரரு. ஒயரு இப்படியே தொங்கட்டும்."

அர்த்தனாரி பிளேயரைக் கீழே வைத்தான்.

"நரி வந்ததுங்கறீங்க, நம்பறனுங்க. கதவு உளுந்ததுங்கறீங்க, அதையும் நம்பறனுங்க. ஆனா நான் போட்ட ஒயரு நின்னு நின்னு ஓடுச்சுன்னு சொல்றீங்க பாருங்க..." பட்டறை முழுக்கக் கேட்கும்படி பெருமூச்சு விட்டான். "புளுகறதுக்கும் ஒரு அளவு வேணுமுங்கக்கா."