இடி இல்லாத தாலாட்டு

ஆங்கிலேயர் ஆண்ட ஹைஃபா நகரில் ரெய்சல் என்றொரு பியானோ ஆசிரியை இருந்தாள். ஆங்கிலேயரை எதிர்த்த யூதத் தலைமறைவுப் படையின் கைத்துப்பாக்கிகளைத் தன் பியானோவுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். ஒருநாள் மதியம் சோதனைக்கு வந்த ஆங்கிலேயக் கேப்டன், "இது வெறும் பியானோதான் என்றால் வாசித்துக் காட்டு!" என்று அதட்டினார்.

இடப்பக்கத் தந்திகள்மேல் துப்பாக்கிகள் கிடந்தன. அங்கே தொட்டால் சத்தமே வராது. அவள் வலது கையால் மட்டும் ஒரு தாலாட்டை மெல்ல வாசித்தாள். ஜன்னல் வழியே கடற்காற்று வந்தது. சிப்பாய்கள் சுவரில் சாய்ந்து கண்மூடினார்கள்.

"இடது கை சும்மா இருக்கிறதே?" என்றார் கேப்டன், சொக்கிப்போன குரலில்.

"அந்தப் பக்கம் இடிபோல முழங்கும் ஐயா. தூங்க வைக்கிற பாட்டுக்கு இடி எதற்கு?"

கேப்டன் தலையாட்டினார். கிளம்பும்போது, "சத்தம் போடாமல் நடங்கள்" என்று சிப்பாய்களிடம் கிசுகிசுத்தார். கனத்த பூட்ஸ்கள் பூனைநடை போட்டுப் படியிறங்கின.