நாவலேரி மதகுப் பூட்டு

பரங்கியர் கப்பலேறிப் போன நாற்பதாம் ஆண்டு, மார்கழி ஒன்பதாம் தேதி. மருதங்கோட்டை அரசவையில் பதினோராவது நாளாக ஒரே வழக்கு: நாவலேரி மதகு.

ஏரி நிறையத் தண்ணீர். ஏரிக்குக் கீழே, பால் பிடிக்கும் கதிர் கருகிக்கொண்டிருந்தது. நடுவில் மதகு, மதகில் ஒரு பூட்டு. பூட்டியவன் பரங்கித் துரை. சாவி அவனோடு கடல் தாண்டிவிட்டது. நாற்பது ஆண்டாக மழையை நம்பியே பிழைத்தார்கள் குடியானவர்கள். இந்த ஆண்டு மழை கார்த்திகையோடு நின்றுவிட்டது. பூட்டைத் தொட்டால் கசையடி என்று துரை நட்ட பலகை அப்படியே இருந்தது. அடிக்க அரண்மனை ஆளும் இருந்தான்.

"நாட்டைக் கெடுத்தவன் பரங்கிதான்!" என்றார் பிரதானி அனந்தப்பர்.

"இல்லை. மதகைத் திறக்க நம்மிடம் ஓர் அதிகாரி உண்டா? ஒரு முறை உண்டா? அதுதான் கேடு," என்றார் நியாயாதிபதி வேதமூர்த்தி.

அரசர் சேதுராயருக்குக் காது வலித்தது. விகடர் பக்கம் திரும்பினார்.

"ஓய் குழைக்காதரே! நாளை உச்சிக்குள் இவர்கள் இருவரும் ஒரே தீர்ப்பை ஒரே குரலில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நீர் ஊரைவிட்டுப் போகலாம்."

குழைக்காதர் தலையாட்டினார். கருகிய கதிரோடு கோட்டை வாசலில் நின்றவர்களை அவர் காலையில்தான் தாண்டி வந்திருந்தார். இன்னும் மூன்று நாள் தாங்கினால் அதிகம்.

மறுநாள் விடிந்ததும் பெரியவர்கள் இருவரையும் ஆலோசனை அறைக்கு அழைத்தார். வெளியே வந்து கதவைப் பூட்டினார். சாவியைக் கிணற்றில் போட்டார்.

உச்சி வேளையில் அரசர் வந்தபோது கதவு அதிர்ந்துகொண்டிருந்தது.

"யார் பூட்டியது?"

"அடியேன்தான், மகாராஜா. பூட்டியவனே காரணம் என்று பிரதானி என்னைத் திட்டலாம். திறக்க அதிகாரி இல்லாததே காரணம் என்று நியாயாதிபதி விளக்கலாம். அவசரமே இல்லை. பதினோரு நாள் பேசட்டும்."

"எங்களுக்குச் சோறு?" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"நாவலேரி நெல் விளைந்ததும் வரும்."

உள்ளே இரண்டு தொண்டைகளும் சேர்ந்தே கிழிந்தன. "காரணம் கிடக்கட்டும் ஓய், பூட்டை உடையும்!"

"ஒரே தீர்ப்பு, ஒரே குரல்," என்றார் குழைக்காதர். "முத்திரை வையுங்கள், மகாராஜா."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். "சரி, உண்மையில் யார்தான் காரணம்?"

"பூட்டியது துரை. துரை போய்விட்டான், மகாராஜா. துரைத்தனம் போகவில்லை."

அன்று மாலையே மதகுப் பூட்டு உடைந்தது. தண்ணீர் பாய்ந்தது. குழைக்காதருக்குச் சரிகைச் சால்வை கிடைத்தது. அறுவடை முடிந்ததும், பாதுகாப்பு கருதி, பிரதானி மதகுக்குப் புதுப் பூட்டு போட்டார்.

அடுத்த ஆண்டு மார்கழி மூன்றாம் தேதி, சாவியைக் காணவில்லை என்று பிரதானி அவையில் அறிவித்தார். பூட்டு பரங்கி தேசத்தில் செய்தது என்று காரணம் சொன்னார்.