புளியமரத்தில் தொங்கிய புங்கமரப் பலகை

குளக்கரைப் புங்கமரத்தடியில் கீரியும் ஆமையும் காகமும் சேர்ந்து சைக்கிள் பட்டறை நடத்திவந்தன. காட்டில் யாருடைய சைக்கிள் கெட்டாலும் அங்கே கொண்டுவரலாம். கூலி கிடையாது. மூன்றும் தங்கள் இரை தேடும் வேலை போக மிச்ச நேரத்தில் வந்து உழைத்தன.

வேலை கைமாறிக் கைமாறி நடக்கும். கோணிய சக்கரத்தைக் கீரி நிமிர்த்தும். அதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. கம்பி கம்பியாகத் தட்டிப் பார்த்து, துளி ஆட்டமில்லாமல் சுற்ற வைத்துவிடும். பிறகு சக்கரத்தை வண்டியில் மாட்டி, நட்டைக் கையால் லேசாகத் திருகிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடும். ஆமை வந்து ஸ்பேனர் போட்டு இறுக்கும். காகம் ஏறிக் குளத்தை ஒரு சுற்று சுற்றி வந்த பிறகுதான் வண்டி வெளியே போகும்.

புங்கமரத்தடி வண்டியா, கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம் என்று காடே சொன்னது.

ஆனால் பாராட்டெல்லாம் சக்கரத்துக்கே கிடைத்தது. "என்னமா சுத்துது!" என்று வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். நட்டைப் பார்த்து யார் வாயைப் பிளப்பார்கள்? கேட்டுக் கேட்டுக் கீரிக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

நரி இதைக் கவனித்துக்கொண்டே இருந்தது.

"தம்பி, வேலை முழுக்க உன்னோடது. பேர் மட்டும் மூணு பேருக்கு. என்கூட வா, தனியாப் பட்டறை போடுவோம். வண்டிக்கு ஒரு கூடை இலந்தைப்பழம் வாங்கிக்கலாம்."

"என்ன பேர் வைப்பீங்க?"

"புதுப் பேர் எதுக்கு? இருக்கிற பேரே நல்லாத்தானே இருக்கு."

மறுநாள் ஓடைக்கு அந்தப் பக்கம் 'புங்கமரத்தடி சைக்கிள் பட்டறை' என்ற பலகை தொங்கியது. அது தொங்கிய மரம் என்னவோ புளியமரம்!

காகம் கொதித்துப்போனது. "வா, போய் இறக்கச் சொல்லுவோம்."

"பேர்தானே, போனாப் போகுது. நமக்கு வேலை கிடக்கு" என்றது ஆமை.

மூன்றாம் நாள் முயல் தன் வண்டியைப் புளியமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு வந்தது. கீரி முன்சக்கரத்தை அழகாக நிமிர்த்தியது. மாட்டியது. பழக்க தோஷம், நட்டைக் கையால் திருகிவிட்டு அடுத்த வண்டியை இழுத்தது. அங்கே ஆமையும் இல்லை, காகமும் இல்லை. நரி பழக்கூடையை வாங்கிக்கொண்டு முயலை அனுப்பிவைத்தது.

மேட்டிலிருந்து இறங்கும்போது சக்கரம் தனியாகக் கழன்று முன்னால் ஓடியது. முயல் பின்னால் உருண்டது. முன்கால் பிசகிவிட்டது.

"புங்கமரத்தடி வண்டி முயலோட காலை ஒடிச்சிடுச்சாம்" என்று பொழுது சாய்வதற்குள் காடெங்கும் பேச்சு. எந்தப் பட்டறை என்று யாரும் விசாரிக்கவில்லை. குளக்கரைக்கு வண்டிகள் வருவது அடியோடு நின்றது.

விஷயம் கீரியின் காதுக்கும் எட்டியது. எந்த நட்டு என்று அதற்குத் தெரியும்.

"வாயைத் திறக்காதே" என்றது நரி. "பேர் கெட்டா நமக்கென்ன? நாம வேற பேர் எழுதி மாட்டிக்கலாம். அவங்களால அது முடியுமா?"

கீரிக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தப் பெயரில் அதன் மூன்று வருட உழைப்பும் இருந்தது. வெட்கமும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன. ஒரே தாவலில் மரத்தில் ஏறிப் பலகையைக் கடித்து இறக்கியது. எல்லாரும் தண்ணீர் குடிக்கக் கூடும் குளக்கரைக்கு இழுத்துக்கொண்டு போனது.

"முயலக்கா விழுந்தது என்னாலதான்" என்றது எல்லார் முன்னும். "சக்கரத்தை நிமிர்த்தினேன், நட்டை இறுக்கல. இத்தனை நாளா அதை ஆமையண்ணன் செஞ்சது என் கண்ணுலயே படல."

ஆமை மெதுவாக முன்னால் வந்தது. "தப்பு எனக்கும் உண்டு. பேர்தானேன்னு விட்டுட்டேன். காகம் சொன்ன அன்னைக்கே போய்க் கேட்டிருக்கணும்."

அன்றே மூன்றும் மறுபடி ஒன்றுசேர்ந்து ஒரு முடிவு செய்தன. மூன்று கை படாத வண்டிக்கு அந்தப் பெயர் கிடையாது. வேறு யார் அந்தப் பெயரை மாட்டினாலும் அன்றைக்கே போய்க் கேட்பது காகத்தின் பொறுப்பு.

முடிவு செய்துவிட்டால் போன நம்பிக்கை ஓடி வந்துவிடுமா? பத்து நாள் ஒரு வண்டிகூட வரவில்லை. பதினோராம் நாள் முயல் நொண்டிக்கொண்டே வண்டியைத் தள்ளி வந்தது.

"சக்கரத்தை நீயே நிமிர்த்து. உன்னை மாதிரி யாருக்கும் வராது" என்றது கீரியிடம். "ஆனா நட்டு பக்கம் மட்டும் வந்துடாதே."

கீரி சக்கரத்தை நிமிர்த்தி மாட்டியது. இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, "ஆமையண்ணே, கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டது.

பல கைகள் சேர்ந்து சம்பாதித்த நல்ல பெயரை ஒருவர் மட்டும் தூக்கிக்கொண்டு போனால், பெயரும் கெடும், அவருடைய திறமையும் பாதியில் நின்றுவிடும்.