மிஹாரா ஐந்து வாங்கலாமா?

கோயம்புத்தூர் காந்திபுரத்தில் ஒரு டயர் கடை இருக்கிறது. அதன் மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெசிந்தா டீச்சர் போட்டோ வகுப்பு எடுக்கிறார். டீச்சருக்கு முப்பத்தாறு வயது. வார நாட்களில் பள்ளிக்கூடங்களுக்குப் போய், பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக நிற்க வைத்துக் குரூப் போட்டோ எடுப்பது அவர் பிழைப்பு. படிக்க வருகிறவர்கள் எல்லாம் அவரைவிட மூத்தவர்கள். பேங்க் மேனேஜர், பல் டாக்டர், மில் முதலாளி. கையில் காசு இருக்கிறது, வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது, ஆளுக்கொரு கேமரா இருக்கிறது.

டீச்சரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். எந்தக் கேமரா நல்லது என்று மட்டும் கேட்டால் பதில் வராது.

"டீ ஆறுதுங்ணா" என்பார். அவ்வளவுதான்.

அதைக் கேட்காமல் இருக்கவே முடியாத ஓர் ஆள் அங்கே இருந்தார். நாச்சிமுத்து. வயது ஐம்பத்து நாலு, தொழில் பம்புசெட் உதிரி பாகங்கள். மிஹாரா கம்பெனிக் கேமரா என்றால் மனிதருக்கு உயிர். 'மிஹாரா குடும்பம்' என்று வாட்ஸப்பில் ஒரு குழு நடத்தினார். ஜப்பானில் எவனாவது வாயைத் திறந்தால் போதும், விடிவதற்குள் குழுவில் செய்தி வந்துவிடும். அடுத்த மாடல் எப்போது வரும், பட்டன் எந்தப் பக்கம் போயிருக்கிறது, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், எல்லாம் அத்துப்படி. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பெண் மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டார். போட்டோகிராபர் கழுத்தில் என்ன தொங்குகிறது என்று பார்ப்பார். அது மிஹாராவாக இல்லாவிட்டால் அந்தக் கல்யாணமே அவருக்குக் கொஞ்சம் பாவமாகத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வெகு முன்பே மாடியேறி வந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"டீச்சர், மிஹாரா அஞ்சு வருதுங்க!"

"வரட்டுங்ணா."

"சும்மா வரலீங்க. கடைக்கு வர்றதுக்கு முன்னாலயே தமிழ்நாட்டுல பத்துப் பேருக்கு மட்டும் கையில குடுக்கறாங்க. நம்மள மாதிரி ஆசைக்கு எடுக்கறவங்களுக்கு. ஒரே ஒரு போட்டோ அனுப்போணும். நம்ம வீட்டு ஆளு ஒருத்தரோட மொகம். அடுத்த ஞாயித்துக்கெழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள."

"அனுப்புங்க."

"அதுக்குத்தான் வந்தனுங்க. அந்தப் பத்துல நான் இல்லீன்னா குரூப்ல தலைகாட்ட முடியாதுங்க டீச்சர். இத்தன வருசமா மிஹாரா மிஹாரான்னு தொண்டை கிழியக் கத்துனவன் நானு." கொஞ்சம் நிறுத்தினார். "இன்னொண்ணும் கேக்கோணும். எப்படியும் கடைக்கு வந்துரும். இப்ப இருக்கற நாலை வித்துப்போட்டு அஞ்சு வாங்கலாமுங்களா, வேண்டாமுங்களா?"

டீச்சர் ஒரு டம்ளரை நீட்டினார்.

"டீ ஆறுதுங்ணா."

நாச்சிமுத்து டீயைத் தொடவில்லை. லேப்டாப்பைத் திறந்தார். அதில் அவர் மனைவி கலாமணியின் படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. புது லென்ஸ் வந்தாலும் கலாமணி, புதுக் கேமரா வந்தாலும் கலாமணி. வீட்டில் ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. அதில் உட்கார வைப்பார். கண் கூர்மையாக விழுகிறதா, முடி பிரிந்து தெரிகிறதா, மூக்குத்தியில் வெளிச்சம் சிதறுகிறதா என்று எடுத்து எடுத்துப் பார்ப்பார்.

"எதை அனுப்பறதுன்னு நீங்கதான் சொல்லோணும்."

டீச்சர் ஒவ்வொன்றாகத் தள்ளினார். தள்ளிக்கொண்டே போனார்.

"அக்கா சிரிக்கற மாதிரி ஒண்ணு காட்டுங்ணா."

நாச்சிமுத்து தேடினார். இந்த லென்ஸில் பார்த்தார், அந்த லென்ஸில் பார்த்தார். நெற்றி வேர்த்தது. கடைசியில் ஒன்று அகப்பட்டது. பல் தெரிந்தது.

"பாருங்க! இல்லாம போகுமா?"

டீச்சர் படத்தைப் பெரிதாக்கினார்.

"இது தும்மல்ங்ணா."

நாச்சிமுத்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தும்மல்தான்.

டீச்சர் எழுந்தார். "உங்க கேமராவைக் குடுங்க. அந்த ஸ்டூல்ல உட்காருங்ணா."

"எதுக்குங்க?"

"கண்ணு பாக்கணும்."

அவருக்குச் சந்தோஷம். டீச்சர் மிஹாராவைக் கையில் எடுப்பதே அதுதான் முதல் தடவை. தலையை வாரிக்கொண்டு உட்கார்ந்தார். டீச்சர் ஒன்று எடுத்தார். திரையைப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். "ம்" என்றார். இன்னொன்று எடுத்தார். திரையைத்தான் பார்த்தார்.

"இந்த நாலுல கண்ணைப் புடிக்கற வேகம் இருக்குதுங்களே டீச்சர்..."

"அசையாதீங்ணா."

வகுப்புக்கு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். பேங்க் மேனேஜர் வணக்கம் சொன்னார். நாச்சிமுத்து திரும்பினார்.

"அசையாதீங்க."

எடுப்பதும் திரையைப் பார்ப்பதுமாகவே போய்க்கொண்டிருந்தது. கால் மரத்தது. காலையில் கடை லோடு வராத கதையைச் சொல்ல வாயெடுத்தார். கேட்க ஆளில்லை. டீச்சர் திரையில் அவருடைய கண்ணிமையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆச்சுங்களா டீச்சர்?"

"ஒண்ணே ஒண்ணு. அவ்வளவுதான்."

அது நாச்சிமுத்து வீட்டில் சொல்கிற வார்த்தை. சொல்லிவிட்டு அவர் அதோடு நிறுத்தியதே கிடையாது. டீச்சரும் நிறுத்தவில்லை.

ஒருவழியாக முடிந்ததும் கேமராவை அவரிடம் நீட்டினார். நாச்சிமுத்து பார்த்தார்.

"கண்ணு சும்மா ஊசி மாதிரி விழுந்திருக்குதுங்க" என்றார்.

டீச்சர் படத்தைச் சிறிதாக்கி முழு முகமும் தெரிய வைத்தார்.

அவர் மறுபடி பார்த்தார். உதடு ஒட்டிப்போயிருந்தது. கண் லென்ஸைப் பார்த்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. எப்போது விடுவார்கள் என்று உட்கார்ந்திருக்கிற முகம். இந்த முகத்தை எங்கே பார்த்தோம் என்று அவர் ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மேசையில் லேப்டாப் திறந்தே கிடந்தது. அதில் கலாமணி அதே மாதிரி உட்கார்ந்திருந்தார்.

லேப்டாப்பை மூடினார்.

"சரிங்க டீச்சர், புரிஞ்சுபோச்சுங்க. சிரிக்கச் சொல்லி எடுத்தர்றேன்."

டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வகுப்பெடுக்கப் போனார்.

மறுநாள் காலையிலேயே நாச்சிமுத்து மனைவியைக் கூப்பிட்டார். "கலா, ஒரு நிமிசம் வா."

கலாமணி அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். யாரும் சொல்லாமலே ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முகத்தை வெளிச்சத்துக்குச் சரியாகத் திருப்பினார்.

"கண்ணுங்களா, முடிங்களா?" என்று கேட்டார்.

"ரெண்டும் இல்ல. சும்மா சிரி."

சிரித்தார். ஆதார் கார்டுக்குச் சிரிக்கிற சிரிப்பு.

"நல்லா சிரி கலா."

"இது எந்த லென்ஸுங்க? புதுசு ஏதாவது வாங்கிட்டீங்களா?"

"லென்ஸ் எல்லாம் பழசுதான். இது டெஸ்ட் இல்ல."

"டெஸ்ட் இல்லீங்களா? பின்ன எதுக்குங்க என்னை எடுக்கறீங்க?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்று தைத்தது.

அன்றைக்கே டீச்சர் குரூப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்துக்கே போய் நின்றார். பிள்ளைகளைக் கலைத்து அனுப்பிவிட்டு டீச்சர் வந்தார்.

"டீச்சர், அவ சிரிக்க மாட்டேங்கறாளுங்க. நாற்காலியில உட்கார்ந்தாலே அந்த மொகம் வந்துருது. எப்படித்தான் சிரிக்க வெக்கறது?"

"அக்கா எதுக்குங்ணா சிரிப்பாங்க?"

அவர் யோசித்தார்.

"எப்படிச் சிரிப்பாங்க? சத்தமாவா, சத்தமில்லாமலா?"

"எல்லாரும் சிரிக்கற மாதிரிதானுங்க டீச்சர்" என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"வர்ற ஞாயித்துக்கிழமை வகுப்புக்கு வர வேண்டாங்ணா."

"ஐயோ, அன்னிக்குத்தானுங்க கடைசி நாளு! நீங்க பாத்துச் சொன்னாத்தானே..."

"ஞாயித்துக்கிழமை அக்கா என்ன பண்ணுவாங்க?"

ஞாயிறு என்றால் அவருக்கு வகுப்பு. அது முடிந்தால் பேக்கரியில் டீ, பப்ஸ், மிஹாரா பேச்சு. வீடு திரும்ப இருட்டிவிடும்.

"வீட்ல இருப்பாளுங்க" என்றார்.

"நீங்களும் இருந்து பாருங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை நாச்சிமுத்து வீட்டில் இருந்தார். கலாமணிக்கு ஆச்சரியம். உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மதியம் சாப்பாடு முடிந்ததும் பீரோவிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"எங்க கலா?"

"கேரம் ஆடறதுக்குங்க. கீழ அப்பார்ட்மெண்ட் அசோசியேசன் ரூம்ல. எல்லா ஞாயித்துக்கெழமையும் போவனுங்களே!"

அவர் கேமராப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார்.

ரூமில் இரண்டு பெண்கள் போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கலாமணியின் ஜோடி வசந்தாமணி பொள்ளாச்சிக்கு ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டாராம். நாலாவது ஆள் இல்லை.

"நீங்க உட்காருங்க" என்றார் கலாமணி.

"நான் போட்டோ எடுக்கலாமுன்னு..."

"போட்டோ ஓடியா போகுது? உட்காருங்க. எனக்கு எதுத்தாப்புல."

உட்கார்ந்தார். பையை நாற்காலிக்குக் கீழே வைத்தார். அவர் கேரம் ஆடிப் பல காலம் ஆகிவிட்டது. கலாமணியோ பேசிக்கொண்டே ஆடினார். காய்கள் சொன்ன பேச்சுக் கேட்டு ஓட்டைக்குள் விழுந்தன. நாச்சிமுத்து முறை வந்தது. ஒரு கண்ணை மூடினார். குனிந்தார். நிமிர்ந்தார். ஸ்ட்ரைக்கரை ஒரு நூல் தள்ளி வைத்தார். மறுபடி குனிந்தார். எதிர்க் கட்சிப் பெண் ஒருத்தி கொட்டாவி விட்டாள். ஒருவழியாக அடித்தார். எந்தக் காயும் அசையவில்லை. ஸ்ட்ரைக்கர் மட்டும் நேராகப் போய் ஓட்டையில் விழுந்தது.

கலாமணி சிரித்துவிட்டார்.

மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. அவர் சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். 'அட்மின், அனுப்பியாச்சுங்களா? ஆறு மணி ஆகப்போகுது' என்று குழுவில் கேட்டிருந்தார்கள். கேமரா அவர் காலடியில் இருந்தது.

"ஏனுங்க, ஃபைன் காயை வெக்கறீங்களா, இல்ல போனையே பாத்துட்டு இருப்பீங்களா?" என்றார் கலாமணி. அந்தச் சிரிப்பு இன்னும் முடியவில்லை.

அவர் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு, ஸ்ட்ரைக்கர் விழுந்ததற்கு அபராதமாக ஒரு காயை எடுத்துப் போர்டில் வைத்தார்.

அந்தப் பத்துப் பேரில் ஈரோட்டுக்காரர் ஒருவர் வந்துவிட்டார். நாச்சிமுத்துவின் குழுவிலேயே இருக்கிற ஆள்தான். எல்லோரும் வாழ்த்தினார்கள், நாச்சிமுத்துவும் கை குவிக்கிற பொம்மைப் படம் ஒன்றைப் போட்டார். வருத்தம் இல்லையென்றால் அது பொய். அன்றைக்குக் கடையில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார்.

அடுத்த ஞாயிறு மாடியேறி வந்தார். டீச்சர் டீயை நீட்டினார்.

"எடுக்கலீங்க டீச்சர்" என்றார்.

"அக்கா சிரிக்கலையாங்ணா?"

"சிரிச்சா."

"கேமரா?"

"கால்மாட்டுலயே இருந்துச்சுங்க."

"வெளிச்சம் இல்லையா?"

"அருமையான வெளிச்சமுங்க. மேக்கால ஜன்னல். அந்த மாதிரி இனி எப்பக் கெடைக்கும்னு தெரியாது."

"அப்பறம்?"

அவர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"கையெல்லாம் பவுடருங்க டீச்சர். நான் ஆடிட்டு இருந்தேன்."

டீச்சர் ஸ்டூலை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"எப்படிச் சிரிப்பாங்க?"

"மொதல்ல சத்தமே வராதுங்க" என்றார் நாச்சிமுத்து. "மூக்கு மட்டும் சுருங்கும். அப்பறம் முந்தானைய எடுத்து வாயை மூடிக்குவா. மூடுனதுக்கு அப்பறம்தான் சத்தம் வரும். எடது கன்னத்துல மட்டும் ஒரு குழி விழுகும், வலதுல இல்ல. நிறுத்தத் தெரியாதுங்க அவளுக்கு. பக்கத்துல இருக்கறவங்க கையில ஒரு தட்டுத் தட்டுனாத்தான் நிக்கும். போர்டுக்கு மேல எட்டி என் கையில தட்டுனா. இந்த மொகத்தை வெச்சுட்டுத்தானுங்க டீச்சர், இத்தன வருசமா கண்ணையும் முடியையும் எடுத்துட்டு இருந்திருக்கறேன்..."

டம்ளரை எடுத்தார். டீயைக் குடித்தார். சூடாக இருந்தது.

டீச்சர் எழுந்து ஜன்னல்களைத் திறந்துவிட்டார். மற்றவர்கள் படியேறி வரும் சத்தம் கேட்டது.

"அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்களேங்ணா. வாங்கலாமா வேண்டாமான்னு."

"ஆமாங்க" என்றார் அவர். அவருக்கே அது மறந்துபோயிருந்தது.

"இப்ப வாங்குங்ணா."